தேயாத கால் ரூபாய்

என் மாமாவுக்குக் காசுப் பைத்தியம். சம்பளக் காசு அவர் கையில் நின்றதே இல்லை, செத்துப்போன ராஜாக்களின் காசுதான் நின்றது. தாம்பரத்தில் வேலை, மேடவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் ஜாகை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் கூடத்தில் லென்ஸோடு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் நான். காசுக்கு ரேங்க் போடுவதில் சூட்சுமம் ஒன்றுதான்: தேய்மானம். ராஜாவின் தாடி மயிர் தனித்தனியாகத் தெரிந்தால் முதல் ரேங்க். தாடியே தெரியாவிட்டால் கடைசி பெஞ்ச். வகுப்பில் நான் வாங்காத ரேங்கையெல்லாம் காசுகளுக்கு வாரி வழங்கினேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கேளம்பாக்கம் தாண்டிக் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அன்று கூடையை வாசலில் இறக்கியவர் மீனைக் காட்டவில்லை.

"மாமா கீறாரா கண்ணு?"

மாமா குளித்துக்கொண்டிருந்தார். என் அம்மா சமையலறையில். கரண்ட் போய், ஃபேன் நின்று, வீடே கப்சிப்பென்று இருந்தது. மீன்கார அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று வெள்ளிக் கால் ரூபாய்களைத் தரையில் வைத்தார். மூன்றிலும் ஒரே ராஜா. மூன்றிலும் கயிறு கோக்க ஓர் ஓட்டை.

"இதுல எது நல்ல காசு, நீயே சொல்லு. கொயந்த வாக்கு தெய்வ வாக்கு."

என்னிடம் போய் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா? லென்ஸை எடுத்தேன். முதல் காசில் முகமே இல்லை, வழவழவென்று கிடந்தது. அடுத்ததில் மூக்கு இருந்தது, தாடி போய்விட்டது. மூன்றாவதைப் பார்த்ததும், அம்மாடி! தாடி, புருவம், கிரீடத்தின் குமிழ்கள், எல்லாம் அப்படியே. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பாகக் கண்மை போல ஏதோ காய்ந்திருந்தது. மூன்றும் ஒரே முடிச்சில் வந்தவைதான். மற்ற இரண்டிலும் அவருடைய உடம்புச் சூடு இருந்தது. இது மட்டும் சில்லென்றிருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டேன்.

"இதுதான் ஃபர்ஸ்ட் ரேங்க். தேயவே இல்ல."

அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "என் வவுத்துல பால வார்த்த கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஒரு மீன்கூட விற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா பாத்திரத்தோடு வந்தபோது வாசலில் யாருமில்லை. நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் குளியலறைக் கதவைத் தட்டி மாமாவை வெளியே வரவழைத்துச் சொன்ன சேதி இது: அந்த அம்மாவுக்குப் பிறந்தவை மூன்று. ஒவ்வொன்றின் அரைஞாணிலும் காவலுக்கு ஒரு காசு கட்டினாராம். தங்கியது மூத்த மகள் மட்டும். இப்போது அவளுக்குப் பிறந்திருக்கும் பிள்ளை எடை இல்லாமல், பால் குடிக்காமல் கிடக்கிறது. தாயைக் காத்த காசையே பிள்ளைக்கும் கட்டலாமென்று டப்பாவைத் திறந்தால், கயிறெல்லாம் இற்று, காசுகள் கலந்து கிடந்தன. புரை விழுந்த கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். என் தம்பியைக் கேளுங்கள் என்று அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள்.

மாமா ஈரத்தலையோடு என்னைப் பார்த்தார். "தேயாததையா எடுத்துக் குடுத்தே?"

"ஆமா மாமா. சூப்பர் காசு!"

"ஐயோ! இடுப்புல கெடந்து ஒரசி ஒரசித்தானேக்கா தேயும்? தேயலேன்னா..." பனியனோடு ஸ்கூட்டரை எடுத்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முகம் தேய்ந்த மொட்டைக் காசையா பொறுக்கிக் கொடுப்பார்கள்?

மத்தியானம் தாண்டித்தான் திரும்பினார். தண்ணீர் லாரிகள் மறித்ததில் அந்த அம்மா ஏறிய பஸ்ஸைத் தவறவிட்டு, குப்பம் வரைக்குமே போயிருக்கிறார். அதற்குள் கட்டிவிட்டார்களாம். காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, காசு இடுப்பில் பட்டதும் கப்பென்று அடங்கிவிட்டதாம். நல்ல காசு, பிள்ளை தூங்குகிறது என்று வீடே சந்தோஷமாக இருந்ததாம். மாமா அதை அவிழ்க்க வைத்து, மொட்டைக் காசைக் கட்டச் சொன்னாராம். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை வீறிட்டதாம். அம்மா எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

இனி அது தன் வீட்டில் இருக்கக் கூடாதென்று அந்த அம்மா தேயாத காசை மாமாவிடமே கொடுத்துவிட்டிருந்தார். மாமா அதை ஆல்பத்தில் வைக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரோடது மாமா?"

"அவங்க கடைசிக் கொழந்தையோடது."

வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நானோ பென்சில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் தொலைத்துவிடுவேன். "ரொம்ப சமத்துக் கொழந்த போலம்மா. எவ்ளோ பத்திரமா வச்சிருந்திருக்கு பாரு!" என்றேன்.

அம்மா என்னை வெடுக்கென்று இழுத்து அணைத்துக்கொண்டாள். இறுக்கியதில் எனக்கு மூச்சு முட்டியது. நான் அப்படிச் சமத்தாக இல்லையே என்றுதான் அழுகிறாள் என வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.