பூஜையன்று உறைந்த குழாய்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, ஒரு சாண் நீள இரும்புக் குழாய்த் துண்டு இருக்கிறது. ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரியாது. உள்ளே கறுத்த மெழுகாய் எண்ணெய் இறுகிக் கிடக்கிறது. சித்திரை வெயிலில் லேசாகக் கசியும். என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே துடைத்து வைப்பாள். பத்தாவது தாண்டாத நான் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கிருந்து ஒரு முழம் துடைக்கிற துணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கேட்காமல் எடுத்துவந்தது இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓர் எண்ணெய்க் கம்பெனியும் எங்கள் கல்லூரியும் கூட்டாக ஆராய்ச்சி தொடங்கின. ஆழ்கடலின் அடியில் போகும் குழாய்களில், அங்குள்ள குளிருக்குக் கச்சா எண்ணெயிலிருக்கும் மெழுகு படிந்து அடைத்துக்கொள்ளுமாம். அதைத் தடுக்கக் கம்பெனி ஒரு மருந்து வைத்திருந்தது. கடலே இல்லாத பெங்களூரில், தகர ஷெட்டுக்குள் குழாயை வளையமாகப் பூட்டி, வெளிப்புறம் குளிர்ந்த தண்ணீரைச் சுற்றவிட்டு, மருந்து கலந்த எண்ணெயைப் பம்பு வைத்து ஓட்டிப் பார்த்தோம். அதைச் செய்தவர் அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த ஆராய்ச்சி மாணவி. தகப்பன் இல்லாத வீடு. டாக்டர் பட்டம் கிடைத்தால் லெக்சரர் வேலை என்று தன் தாயாருக்குச் சொல்லி வைத்திருந்தார். என்னை அண்ணா என்பார். நான் அவரை அம்மா என்பேன்.

பத்து நாள் நிறுத்தாமல் ஓட வேண்டிய சோதனையின் நடுவில் ஆயுத பூஜை வந்தது. பண்டிகைக்கு அவர் வரவில்லை. சாமிக்காக ஒரு நாள் நின்றால் என்ன என்று, வருடாவருடம் செய்வதுபோல் பம்பை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தேன். தண்ணீரின் குளிர் குறையக் கூடாது என்று அவர் சீட்டு ஒட்டியிருந்ததால் குளிர்பதன மெஷினை மட்டும் தொடவில்லை. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிச் சுவிட்சைப் போட்டால், பம்பு முனகுகிறது, அழுத்தமானியின் முள் கடைசிவரை ஏறுகிறது, ஒரு சொட்டு எண்ணெய் நகரவில்லை.

அவர் வந்ததும், "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்மா" என்றேன். குழாயைத் தடவிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார்.

"அண்ணா, ஓடுற வரைக்கும்தான் இந்த மருந்து கேக்குது. நின்னா கேக்கல. கடல்ல புயல் வந்து ஒரு நாள் பம்ப நிறுத்துனா என்ன ஆகும்? இத யாருமே பாக்கலையே." பிறகு சிரித்தார். "உங்க முருகன் எனக்கு ஒரு சாப்டரே எழுதிக் குடுத்துட்டாரு போங்க."

அடுத்த இரண்டு மாதத்தில் அவரே இரண்டு முறை வேண்டுமென்று நிறுத்திப் பார்த்தார். இரண்டு முறையும் உறைந்தது.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எண்ணெய், அவர்கள் மருந்து, ஆகவே முடிவும் அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நின்றால் உறைகிறது என்ற பகுதி எங்கும் அச்சேறக் கூடாது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அட்டெண்டரின் தவறால் பம்பு நின்றது, ஆகையால் அந்தச் சோதனை செல்லாது என்று அதில் இருந்தது.

"மூணு தடவ பாத்தோமே சார். ரெண்டு தடவ அம்மாவே நிறுத்துனாங்களே."

"அதெல்லாம் ரிப்போர்ட்ல இல்லப்பா. சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஒரு கையெழுத்துதானே."

பேராசிரியர் தலைக்கு மேல் சரஸ்வதி படம். பூஜைக்கு நான் போட்ட மாலை காய்ந்து தொங்கியது. அந்தப் படத்துக்குக் கீழே நின்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு பெண் பிள்ளைகள், நிரந்தரமாகாத வேலை. அந்தப் பாவத்தை நான் இன்னொருவர் தலையில் கட்டவில்லை. ஆனால் கேட்கிறேன். கம்பெனிக்கு மருந்து விற்க வேண்டும், மறைத்தார்கள். கல்லூரிக்கு என்ன வந்தது? படிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடம், கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று எழுதலாமா? பிள்ளைகள் காப்பியடித்தால் பரீட்சை அறையை விட்டு வெளியே அனுப்புகிறவர்கள்தானே இவர்கள்?

அந்தச் சாப்டரை எடுத்துவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். "அத எடுத்துட்டா மருந்து நல்ல மருந்துன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் சார்" என்றார் அவர். சமர்ப்பிக்கவில்லை. பட்டம் போயிற்று. கடைசி நாளன்று, குழாய்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ எனக்கு உத்தரவாகியிருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாக் கழுவிடுங்கண்ணா, உங்களத் திட்டப்போறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். கழுவுவதற்கு முன், உறைந்து அடைத்திருந்த இடத்தில் ஹேக்ஸா பிளேடால் ஒரு சாண் அறுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பி, கம்பெனியின் பெயரும் கல்லூரியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பளபளக்கின்றன. பென்ஷன் விஷயமாகப் போனபோது பார்த்தேன். உள்ளே நுழைய மனம் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு வீட்டில் அரிவாள்மனை, சுத்தியல், மகளின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிறேன். குழாய்த் துண்டை மட்டும் கழுவுவதில்லை. கையெழுத்துப் போட்ட அதே விரலால் குங்குமம் வைத்து, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. உள்ளே இருப்பது மருந்து கலந்த எண்ணெய்தான்.