மூன்று நிமிட வணக்கம்

பிரெஞ்சு பேசும் இல்-பிசார் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆற்றங்கரையோடு ஒரு சிறு காடு இருக்கிறது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது தண்ணீர் அந்த மரங்களுக்குள் வந்து நிற்கும். எங்கள் பேஸ்மென்டுக்குள் வராது. அந்தக் காட்டை வெட்டி வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. மக்களின் கருத்தைக் கேட்க நகரசபையில் கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்.

நானும் மனைவியும் பெயர் பதிந்தோம். எனக்குப் பயமே இல்லை. இருபது வருடமாக எங்கள் மாதா கோயிலில் எந்த விழா என்றாலும் மைக் என் கையில்தான். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பிரெஞ்சில் பாடமாக்கினேன்.

என் முறை வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தேன். மதிப்புக்குரிய தலைவருக்கும், வலப்புறம் இருந்த அம்மையாருக்கும், இடப்புறம் இருந்த ஐயாவுக்கும், பொறியியலாளர்களுக்கும், குறிப்பெடுப்பவருக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும், சபையோருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னேன். ஒருவரை விட்டாலும் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள் அல்லவா? ஒருவழியாக "இந்தக் காடு..." என்று தொடங்கினேன். மணி அடித்தது. தலைவர் "மெர்சி" என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

"என்னப்பா, கலியாண வீட்டு வரவேற்புரையோ வாசிச்சனீங்கள்?" என்று மனைவி மெல்லக் கேட்டாள். வெட்கத்தில் காது சுட்டது. காடு என்னால்தான் போகப்போகிறது என்று உண்மையாகவே பயந்தேன்.

அடுத்தது அவள். போன வசந்தத்தில் காட்டுக்குள் தண்ணீர் நின்றபோது எடுத்த படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் தான் பார்க்கும் சின்னப் பிள்ளைகளோடு கதைக்கும் அதே பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மரங்களை வெட்டினால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?"

நிறுவனத்தின் பொறியியலாளர் தாள்களைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். மணி அடிக்கும்வரை அவள் படத்தைப் பிடித்தபடி நின்றாள்.

சில மாதங்களில் நகரசபையின் அறிக்கை வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு மரமும் வெட்டக்கூடாது என்று அதில் இருந்தது. அதே பக்கத்தில், கொஞ்சம் மேலே: 'குடியிருப்பாளர் ஒருவர் அனைவருக்கும் வணக்கம் தெரிவித்தார்.' அந்தப் பக்கத்தை அவள் ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

இந்த வசந்தத்திலும் ஆறு பெருகியது. பின்வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் மரங்களுக்குள் வந்து நின்றுவிட்டது. பேஸ்மென்ட் காய்ந்து கிடந்தது.

"அண்டைக்கு எல்லாருக்கும் வணக்கம் சொன்னீங்கள். இதுகளை மட்டும் விட்டிட்டீங்கள்," என்று மரங்களைக் காட்டினாள்.

அது சரிதான். முதல் மரத்திலிருந்து தொடங்கினேன். மணி அடிக்க யாரும் இல்லை.