ஆண்டவருக்கு வார்டு நம்பர் எதற்கு?

போன மாதம் நான் ஆண்டவரைப் பார்த்து "ஹலோ… ஹலோ…" என்று சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை உயர்த்திக்கொண்டு, முந்நூறு பேர் முன்னால் மேடையில் நின்று சொன்னேன். டிரங்க் கால் போட்டுப் பேசுகிற மாதிரி! வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இன்லண்ட் லெட்டர் போட்டாவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

முதலிலிருந்து வருகிறேன்.

எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு — 'ஜெப டீச்சர்'. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். அந்தத் தமிழை ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரிடமும் கொஞ்சம் காட்டிவிடுவேன். "சர்வ சிருஷ்டிகளின் கர்த்தாவே" என்று ஆரம்பித்தால் வானம், பூமி, பாபநாசம் அணைத் தண்ணீர், பத்தாம் வகுப்புப் பரீட்சை, உலக சமாதானம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் 'ஆமென்' வரும். அதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கியே எழுந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் கிளார்க். நான் ஜெபிக்கும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் கேட்பார்: "ஏளா, நீ ஜெபிக்கியா, இல்ல ரேடியோவுல செய்தி வாசிக்கியா?"

பொறாமை என்று விட்டுவிடுவேன்.

எங்கள் கோயிலில் — சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம் — வருடா வருடம் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். வெளியே மைதானத்தில் பந்தல், மேடை, புன்னை மரத்தில் கட்டிய ஹார்ன் ஸ்பீக்கர். கடைசி நாள் ஞாயிறு சாயங்காலம். டிவியில் படம் ஓடுகிற நேரம்; அதையும் விட்டுவிட்டுக் கூட்டம் வரும். இந்த வருடம் மெட்ராஸிலிருந்து பெரிய பிரசங்கியார் வேறு. எங்கள் குருவானவர் வந்து, "டீச்சர், கடைசி நாள் விண்ணப்ப ஜெபம் நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கனி என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.

அன்னக்கனி எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். எங்கள் கோயில்தான். கைப்பிடித் துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை நீங்கதான ஜெபம் பண்ணுதிய? எங்க வீட்டு அவுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"தங்கராஜுக்கா? என்னாச்சு?"

"வயித்துல கட்டியாம். திங்கக்கிழமை காலைல ஆபரேசன். ஒடம்புல ரத்தம் வேற கம்மியாம். எதுக்கும் மனசைத் தெடப்படுத்திக்கோன்னுட்டாவ."

"கவலப்படாத கனி. நான் சொல்லுதேன்."

"மைக்குல சொல்லணும் டீச்சர். பேரு தங்கராஜ். அம்பாசமுத்திரத்து ரைஸ்மில்லுல மூட்டை தூக்குதாவ. ரெண்டு பொட்டப்புள்ளைய. ஆம்பளைக வார்டு, மூணாம் நம்பரு. வார்டு நம்பரை மட்டும் மறந்துராதிய."

ஆண்டவருக்கு வார்டு நம்பர் எதற்கு? தேடிப் பிடிக்கச் சிரமப்படுவாரா? பாவம், படிக்காத பெண்ணின் விசுவாசம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெளியே பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

ஜெபத்தை எழுதியே வைத்தேன். ஆமாம், எழுதினேன்! பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் முழுசாக எழுதி, அடுப்படியில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். தங்கராஜைக் கடைசியில் வைத்தேன். நாட்டுக்காகவும் மழைக்காகவும் கேட்டுவிட்டு, குரலை இறக்கி, "இதோ, மரணப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் உம் எளிய பிள்ளை…" என்று முடித்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. வார்டு நம்பரை அடித்துவிட்டேன். வாக்கியத்தின் நடைக்கு இடித்தது.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி. மேடையில் ஏறினேன். மெட்ராஸ் பிரசங்கியார் எனக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில். கீழே முன் வரிசை நாற்காலிகளில் பெரிய மனிதர்கள், எங்கள் கோயில் டாக்டரம்மா, ஹெட்மாஸ்டர்கள். பின்னால் பாயில் பெண்கள். கண்ணை மூடினேன். குரல் அன்றைக்கு அப்படி வந்தது! ஸ்பீக்கர் வழியாகப் போய்ச் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கேட்கக் கேட்க எனக்கே பிடித்திருந்தது. வானம் முடிந்தது. பூமி முடிந்தது. அணையில் தண்ணீரும் ஏறிவிட்டது. "நோயுற்றோரை நோக்கிப் பார்க்கிறோம் கர்த்தாவே…"

பட்டென்று கரண்ட் போய்விட்டது.

டியூப்லைட், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் அவுட். இருட்டு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? குரலை ஒரு பிடி உயர்த்தி மேலே போயிருக்க வேண்டும். வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற தொண்டைதானே இது! ஆனால் நான் நின்றுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே மைக்கை 'டொக் டொக்' என்று தட்டினேன். "ஹலோ… ஹலோ…" என்றேன்.

மைக் செட் சுடலைமுத்து அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். ஆனால் இருபது வருடமாக எங்கள் கோயில் ஆம்ப்ளிஃபயர் அவர் பொறுப்பில்தான். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "மைக்கு செத்துட்டு டீச்சர். ஜெனரேட்டரைத் தள்ளிட்டு வரணும். செத்த நேரம் பொறுங்க."

பொறுத்தேன். ஆண்டவரையும் பொறுக்க வைத்தேன்.

ஒரு நிமிடம் போயிருக்கும். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்போது பின்னாலிருந்து, பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏசப்பா… அவுகளுக்கு நாளைக்கு ஆபரேசன். எனக்குப் பயமா இருக்கு. கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டுட்டேன். சரியாத்தான் போட்டேனான்னு தெரியல. புள்ளைய ரெண்டும் அப்பா எப்ப வருவாவன்னு கேக்குதுவ. நான் என்னன்னு சொல்ல? எனக்கு ஒன்னும் தெரியாது… நீரே பாத்துக்கிடும்."

அவ்வளவுதான். அப்புறம் அழுகை.

முந்நூறு பேரும் "ஆமென்" என்றார்கள். மெட்ராஸ் பிரசங்கியார் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் என்னுடைய எந்த ஜெபத்துக்கும் அப்படி ஒரு ஆமென் விழுந்ததில்லை.

உடனே கரண்ட் வந்துவிட்டது. மைக் 'கீ…' என்று கத்தியது. என் கையில் கேள்வித்தாள். அதில் இன்னும் கால் பக்கம் பாக்கி. மைக்கில் நானும் "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். வீட்டுக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

திங்கட்கிழமை அரை நாள் லீவ் போட்டுவிட்டு, பிளாஸ்க்கில் காபியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனாலும் பாருங்கள்… ஆஸ்பத்திரி வாசலில் நம்ம கோயில்காரர்கள் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று கண் தேடியது. 'டீச்சர் காலையிலேயே வந்துட்டாவளே' என்று யாராவது சொல்ல வேண்டாமா? கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல் வந்தது எனக்கு.

ஆபரேஷன் தியேட்டர் வராந்தா பெஞ்சில் கனி தனியாக உட்கார்ந்திருந்தாள். தங்கராஜை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கனி, என்னை மன்னிச்சிரு. உன் வீட்டுக்காரரை ஜெபத்துல கடைசிக்கு வச்சிருந்தேன். முடிவு எடுப்பா இருக்கட்டும்னு. வார்டு நம்பரையும் அடிச்சிட்டேன். கரண்டு போகவும் வாயை மூடிக்கிட்டேன். நான் ஆண்டவர்ட்ட பேசல. அந்த மெட்ராஸ்காரர்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

கனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கூட்டு வெந்த பெறகு உப்புப் போடுத மாதிரி, கடைசியிலயா டீச்சர்?" என்றாள். அந்த நிலைமையிலும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொல்லவும் நானும் ஒன்னு சொல்லிருதேன். நம்ம டாக்டரம்மா முன்னாடி நாற்காலியில இருப்பாவல்லா? அவுகதான் ஆபரேசன் பண்ணுதாவ. அம்புட்டு சீக்காளிகள்ல இவுகளை அவுகளுக்கு எங்க தெரியப்போவுது? மைக்குல பேரும் வார்டும் காதுல விழுந்துட்டா, நம்ம கோயில் ஆளுன்னு கொஞ்சம் கூடுதலாப் பாப்பாவன்னு நெனச்சேன். ஏசப்பாவுக்கு நான் வீட்டுலயே சொல்லிட்டேன் டீச்சர். மைக்கு… டாக்டரம்மாவுக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வார்டு நம்பர்! படிக்காத பெண்ணின் விசுவாசமாம்… படித்த என்னைவிட எவ்வளவு விவரம்! நான் சிரிக்க, அவளும் சிரிக்க, நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தாள்.

"பெறகு ஏன் நேத்து நீ ஜெபிக்கையில வார்டு நம்பரைச் சொல்லல?"

"மறந்துபோச்சு டீச்சர். டாக்டரம்மா அங்கன இருக்காவங்கதே மறந்துபோச்சு. இருட்டுல பயம் வந்துட்டு. வாயி தானா பேசிட்டு."

பைய என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா இன்னைக்கு விடியவும் வந்துட்டாவ டீச்சர். நேத்து ஜெபிச்சது யாருன்னு வார்டு வார்டா கேட்டுக்கிட்டு வந்திருக்காவ. என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'எனக்கும் பயமாத்தான் இருக்கு கனி. நீ சொன்னதையே சொல்லிக்கிட்டுத்தான் உள்ள போவேன்'னாவ."

மடியில் இருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன்.

"இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க டீச்சர். இங்கன யாரும் இல்ல" என்றாள்.

கண்ணை மூடினேன். "சர்வ சிருஷ்டிகளின்…" வரவில்லை. அடுத்த வார்த்தை எங்கே போனது என்றே தெரியவில்லை. "ஆண்டவரே, தங்கராஜைக் காப்பாத்தும்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

கனி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான் கனி."

"சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆறுதல் சொல்லப் போனவள் நான்!

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினார். "நல்லா முடிஞ்சுது கனி. கட்டியை முழுசா எடுத்தாச்சு" என்றார். கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "டீச்சர், அந்தப் பிளாஸ்க்குல காபி இருக்கா?" என்று கேட்டாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லையாம். ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு மாதமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் நல்ல பெயருக்காக ஜெபித்தேன். கனி டாக்டரம்மாவின் தயவுக்காக ஜெபிக்கச் சொன்னாள். இரண்டும் சுத்தமான காரணம் இல்லை. ஆனால் அவளுடையதில் ஒரு மனுஷனின் உயிர் இருந்தது. என்னுடையதில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரே இருட்டு எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அவள் வாய் திறந்தாள், நான் வாய் மூடினேன். வேறு என்ன சோதனை வேண்டும்?

இதற்காக ஜெபத்தை விட்டுவிடப்போவதில்லை. காரணம் சுத்தமான பிறகுதான் ஜெபிப்பேன் என்று உட்கார்ந்தால் ஆயுசுக்கும் வாய் திறக்க முடியாது. இத்தனை வருடமும் நான் வாசித்த செய்தியை எல்லாம் ஆண்டவர் பொறுமையாகக் கேட்டாரே, அதற்கே அவருக்கு எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும்! கனிக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கு நன்றி. சரியான நேரத்தில் போன கரண்டுக்கு ரொம்ப ரொம்ப நன்றி.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் கோயிலுக்கு வந்தார். சட்டை தொளதொள என்று தொங்கியது. ஆனால் நடந்தே வந்தார். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திர ஜெபம் செய்யச் சொல்லிக் குருவானவர் என்னைத்தான் பார்த்தார். நான் எழுந்து கனியைக் கூட்டிக்கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்தினேன்.

கனி மைக்கைப் பார்த்தாள். முன் வரிசையில் இருந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் நின்ற சுடலைமுத்து அண்ணாச்சியிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இதை அமத்திருங்க."

"ஏம்மா, நல்லாத்தான வேல செய்யுது?"

"டாக்டரம்மாவுக்கு நேர்லயே சொல்லிட்டேன் அண்ணாச்சி. இது ஏசப்பாவுக்கு."

அண்ணாச்சி சுவிட்சை அமர்த்தினார். கனி சிலுவை இருக்கிற ஆல்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாய்க்குள்ளேயே என்னமோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு காதை மட்டும் நீட்டிப் பார்த்தேன். ம்ஹூம்… ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குச் சொன்னது அல்லவே!