ஒட்ட வெட்டிய முடியும் ஒரு முழம் மல்லிகையும்

போன வருடம் லிட்டில் இந்தியாவில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாரத்தில்தான் நான் என் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். நான் சொல்லவந்தது, வெள்ளிக்கிழமைதோறும் நான் பூ வாங்கும் கடையில் நடந்த ஒரு விஷயத்தை. ஆனால் முடியின் கதையைச் சொல்லாமல் பூவின் கதைக்குப் போக முடியாது.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பள்ளியில் என் பட்டப்பெயர் ‘மீ கோரெங்’, அதாவது வறுத்த நூடுல்ஸ். அந்தக் கோபத்தில் பத்தொன்பது வயதில், முதல் சம்பளத்தில் ரீபாண்டிங் செய்துகொண்டேன். மருந்தைப் பூசி, சூடாக இழுத்து, முடியைக் கோடு போட்டதுபோல் ஆக்கிவிடுவார்கள். புது முடி சுருட்டையாகத்தானே முளைக்கும்? அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் போய் உட்கார வேண்டும். இப்படிப் பதினாறு வருடம். என் கணவர் என்னைச் சுருட்டை முடியோடு பார்த்ததே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அந்த மருந்து பட்டுத் தலை புண்ணாகிவிட்டது. டாக்டர், “இனிமே இது வேணாம்” என்று முடித்துவிட்டார். விட்டேன். அடுத்த எட்டு மாதம் நான் பட்ட பாடு நாய் படாது. காது வரைக்கும் சுருட்டை, அதற்குக் கீழே நேர் முடி. மேலே ஒருத்தி, கீழே இன்னொருத்தி. வெளியே போகும்போது அத்தனையையும் இழுத்துக் கொண்டை போட்டு மறைத்துக்கொள்வேன். இரண்டும் சேரும் இடத்தில் முடி பொட்டுப் பொட்டென்று அறுந்து குளியலறை எல்லாம் கிடக்கும். வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் சுருட்டை முடியை எப்படி வைத்துக்கொள்வது என்று முதல்முறையாகக் கற்றுக்கொண்டேன். காய்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி விரலால் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தி டீ‑ஷர்ட்டால் ஒற்றி எடுக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் என் தலை எனக்கே புதிதாக இருந்தது.

கடைசியில் பொறுமை போய், பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சலூனுக்குப் போய் நேர் முடியை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த சீன ஆன்ட்டி, “ஷுவர் ஆ? ஆஃப்டர் டோண்ட் கிரை லா” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். காதுக்கு மேலே சுருள் சுருளாக ஒரு குட்டித் தலை மிஞ்சியது. எனக்குப் பிடித்திருந்தது. மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வேலையிடத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அது அதைவிட மோசம்.

அந்த வெள்ளிக்கிழமை பூக்கடைக்குப் போனேன். பூக்கார அக்காவுக்கும் எனக்கும் ஏழெட்டு வருடப் பழக்கம். வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்றைக்கு என் தலையைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காமல் ஒரு முழம் மல்லிகையை மடித்து, தன் தலையிலிருந்தே ஊசியை எடுத்து, என் காதோரம் அவரே குத்திவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மருந்தெல்லாம் முடிஞ்சிருச்சா தங்கச்சி? எங்க அண்ணிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. முடி பூராவும் கொட்டிருச்சு. இன்னும் ஒரு ஊசிதான் பாக்கி” என்றார்.

புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ‘எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அழகுக்காக வெட்டினேன்’ என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் தலையை ஆட்டினேன்.

சங்கடம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அந்த வாரம் முழுக்க என் தலையைப் பார்த்து ஆளாளுக்கு முகம் சுளித்திருந்தார்கள். அன்பாகத் தொட்டது அவர் ஒருவர்தான். அது எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கென்று நல்ல நெருக்கமாகக் கட்டிய சரம் தனியாக இருக்கும். அவரே குத்திவிடுவார். “நல்லா வளருது தங்கச்சி. அண்ணிகிட்ட உன்னப் பத்திதான் சொல்லிக்கிட்டே இருக்கேன்” என்பார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தைப்பூசமும் போய்விட்டது. நடுவில் இரண்டு வாரம் வேறு கடையில் பூ வாங்கி, கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவின் மறுபக்கமாக நடந்திருக்கிறேன். இத்தனை வயதுக்கு இது தேவையா என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

சித்திரையும் பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டேன். “ஏ தங்கச்சி, இங்க வா! அண்ணி வந்திருக்காங்க!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டார்.

கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். ஆங் மோ கியோவில் வீடு. ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாமல் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தவர், என் தலையைப் பார்ப்பதற்காக மட்டும் பஸ் ஏறி வந்திருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முடியைத்தான் பார்த்தார்.

“எனக்கு முந்தி நல்லா நேர் முடிம்மா. இப்ப சுருண்டு சுருண்டு முளைக்குது. டாக்டர் இது சகஜம்தான், பயப்படாதீங்கன்னு சொல்றாரு. ஆனா எனக்கு நோய் இன்னும் உள்ளயே இருக்கோன்னு பயமா இருக்கு. உனக்கும் இப்படித்தான் சுருண்டு வந்துச்சுன்னு இவ சொன்னா. உனக்கும் முந்தி நேர் முடிதானே?”

பூக்கார அக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உண்மையிலேயே முன்பு நேர் முடிதான், பதினாறு வருடமாக! ‘ஆமா’ என்று சொன்னால் போதும், அந்த அம்மாள் நிம்மதியாகப் போயிருப்பார். இந்த இடத்தில் பொய் சொன்னால் புண்ணியம்தான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது என் அழகைப் பற்றி இல்லை. அவர் உயிரைப் பற்றி. அதில் என் பொய்யை எப்படி வைப்பேன்?

“அக்கா, எனக்கு அந்த நோயே வரல. எனக்குப் பொறந்ததுலருந்து சுருட்டை முடி. மருந்து போட்டு நேராக்கி வெச்சிருந்தேன். அத விட்டுட்டு நானேதான் வெட்டிக்கிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க.”

அந்த அம்மாள் முகம் வாடியதை நான் பார்த்தேன். பூக்கார அக்கா நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்து, “கோயில்ல உங்க பேருக்கும் சேத்து அர்ச்சனை பண்ணிக்கிட்டிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?” என்றார். தங்கச்சி போய் ‘உங்க’ வந்துவிட்டது. அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திரும்பி நடக்கப் பார்த்தேன். “நில்லும்மா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்த அம்மாள் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரற்கடை முடி, நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரி, சுற்றிலும் ஊசி குத்தியிருந்தது. சீப்பு இழுத்த இடமெல்லாம் சிவந்திருந்தது.

“நோய் இல்லாட்டி நல்லதுதானே, அதுக்கு ஏன் அழுவுற? பொறந்ததுலருந்து சுருட்டைன்னா இத என்ன பண்றதுன்னு உனக்குத் தெரியும்ல? காலையிலயும் சாயந்தரமும் சீவுறேன், நேராவே மாட்டேங்குது. வலி உயிர் போவுது.”

அதுவரை நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரியாது.

என் கைப்பையில் எப்போதும் தண்ணீர் அடிக்கும் சின்ன பாட்டில் ஒன்று இருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றினேன். தண்ணீர் அடித்து, விரல் நுனியால் மெல்ல மெல்ல மேல்நோக்கி அமுக்கிவிட்டேன். “சீவாதீங்கக்கா. நேராக்கப் பாக்காதீங்க, அது போற போக்குல விடுங்க. தோலு எரிஞ்சா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க” என்றேன். நெற்றியோரம் ஒரு சுருள் எழுந்து நின்றது, பிறகு இன்னொன்று. கைத்தொலைபேசியின் கேமராவைத் திருப்பிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். ஏதோ வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்த அம்மாளும் நானும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறோம். முடி காதைத் தொட்டுவிட்டது. பரிசோதனை முடிவுகளும் இதுவரை நன்றாகவே வந்திருக்கின்றன. துணி கட்டாமல் மார்க்கெட்டுக்குப் போன அன்று எனக்குப் படம் அனுப்பினார்.

பூக்கார அக்காதான் லேசில் இறங்கி வரவில்லை. நான் போவதை நிறுத்தவில்லை. ஐந்து வாரம் பூவைப் பொட்டலம் கட்டி, “இந்தாங்க” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். ஆறாவது வாரம் பொட்டலம் கட்டப்போனவர் என்ன நினைத்தாரோ, சரத்தை மடித்து, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, “திரும்பு” என்றார்.

வாயைத் திறந்து நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று மாதக்கணக்கில் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை அந்த ஊசி காதோரம் ஏறும்போது, எனக்குச் சேராத அன்பையும் சேர்த்து இத்தனை நாள் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேனே என்றும், உண்மை தெரிந்த பிறகும் அவர் பூ வைத்துவிடுகிறாரே என்றும் நினைத்துக்கொள்வேன்.