இடுப்பில் ஒரு சாவி

இராஜபாளையத்துக்கு வந்து இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இன்னும் இந்தச் சாவி எனக்குப் பழகவில்லை. காலையில் மில் சங்கு ஊதியதும் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன். நடக்கும்போது குத்துகிறது. பாதித் தெரு போனதும் கை தானாகப் போய் அது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. இந்த ஊர்ப் பெண்களுக்கு அது சிரிப்பு. ஹட்டன் மலையில் என்னோடு தேயிலைக் கொழுந்து பறித்த உங்களுக்குத்தான் புரியும். லயத்து வரிசை வீடுகளில் யார் கதவைப் பூட்டினோம்? பூட்டுவதற்கு அது நம் வீடா? துரையின் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை அந்த ஒற்றை அறைக் காம்பரா நம்முடையது. பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

என் கணவர் மாரிமுத்துவின் பேரை அப்படித்தான் வெட்டினார்கள். கங்காணியை ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டார், அவ்வளவுதான். வேலை நீக்கப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி மாறி, சொந்த ஊர் என்று என் அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்த மம்சாபுரத்துக்கு மூன்று வயது மகளோடு வந்து சேர்ந்தோம். அங்கே அப்பாவின் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. “கண்டிச்சீமைக்காரி வந்திருக்கா” என்று வேடிக்கை பார்க்க மட்டும் கூடினார்கள். மலையில் நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தால் இப்படி. எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

அங்கிருந்து இராஜபாளையம் வந்தோம். பஞ்சு மில்லில் யாராவது வேலைக்கு வராத நாளில் அந்த ஆளின் இடத்தில் நிற்கும் பதிலி வேலை அவருக்குக் கிடைத்தது. மில்லுக்குப் பின்னால் ஓர் ஓலை வீட்டில் குடியிருந்தோம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் அவர் வலது கையில் இரண்டு விரலைத் தின்னும்வரை குறையொன்றும் இல்லை. கை ஆறுவதற்குள் வாடகை நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் கெட்டவர் அல்ல. மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அமாவாசைக்குள் காலிசெய்து கொடு என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அமாவாசை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளை எங்கே படுக்கவைப்பேன்? அது ஒன்றுதான் மனதில் ஓடியது. மலையில் பேர் வெட்டுப்பட்டவர்கள்கூட அடுத்த லயத்தில் யார் காம்பராவிலாவது இரண்டு நாள் முடங்கிக் கிடப்பார்கள். இங்கே எனக்கு அடுத்த லயம் ஏது?

அப்போதுதான் ஞானம் டீச்சர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவரும் சில பெண்களும் ஒரு பிடியரிசிச் சங்கம் வைத்திருந்தார்கள். உலை வைக்கும் முன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வேதக்கார வீடுகளில் தொடங்கிய வழக்கம், பிறகு கோயிலுக்குப் போகிற வீடுகளிலும் கலயம் ஏறியிருந்தது. வாரம் ஒருமுறை அதைச் சேர்த்து, வீடு பறிபோகிற நிலையில் இருப்பவர்களைத் தேடிப் போவார்கள். டீச்சர் அரிசியை என் முன்னால் வைத்ததும் எனக்குப் பகீரென்றது. நம் ஊரில் கேட்காமல் கொடுப்பவன் யார்? கூலிக்கு ஆள் பிடிக்கிறவன். இன்றைக்கு அரிசி, நாளைக்குக் கப்பல். அரிசியைத் தொடாமல், “பேர எங்க பதியணும்?” என்று வெடுக்கெனக் கேட்டேன்.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. விளங்கியதும் முகம் வாடிவிட்டது. “பேரெல்லாம் எதுக்கு தாயி? தெருவுக்கு வந்தவியளுக்குக் கஞ்சி ஊத்த ஊருல சத்திரம் இருக்கு. தெருவுக்கு வராம நிப்பாட்டத்தான் ஆளில்ல. அதுக்குத்தான் வாரோம்” என்றார்.

அன்றே அவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசினார். அந்த அரிசியை வாடகைக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு, மகள் வரும்வரை எங்களை விட்டுவைக்கச் சம்மதிக்க வைத்தார். அடுத்த வாரம் வந்து, பஞ்சுக் கிட்டங்கித் தெருவில் ராஜு வீட்டு வெங்கம்மாவிடம் பின்கட்டு அறை ஒன்று சும்மா கிடக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன், போய்ப் பார் என்றார். வெங்கம்மா வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பதையோ, அந்த அம்மாளுக்குக் காது மந்தம் என்பதையோ சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் போனேன். கதவைத் திறந்த அம்மாளிடம் டீச்சர் அனுப்பினார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், உள்ளே கையை நீட்டி, “இல்லு, இல்லு” என்றார். நான் மறுபடி சொன்னேன். அவர் இன்னும் உரக்க, “இல்லு” என்றுவிட்டு வேகமாக உள்ளே போனார்.

இல்லையாம். அதை எத்தனை தரம் சொல்வது? மனம் விட்டுப் போயிற்று. திரும்பி நடந்தேன். ரயில் நிலையத்துப் பாதையில் கால்போன போக்கில் போனேன். ரயிலேறினால் தனுஷ்கோடி, கப்பலேறினால் மலை, அங்கே எந்தத் துரையின் காலிலாவது விழலாம் என்று புத்தி ஓடியது. டீச்சரையும் அவர் அரிசியையும் வாய்விட்டே திட்டினேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பார்த்தால் அதே அம்மாள். செருப்பில்லை, மூச்சு வாங்குகிறது, மறுபடியும் “இல்லு, இல்லு” என்கிறார்.

“இல்லைன்னா பொறகு எதுக்கு எம் பின்னால வாறீங்க?” என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதது.

வெற்றிலைக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தார். “ஏம்மா, அவிய ஒன்ன விரட்டல. அவிய பாசையில இல்லுன்னா வீடு” என்றார் மெல்ல.

வெங்கம்மா என் கையைப் பிடித்து விரித்து ஒரு சாவியை வைத்தார். அதை எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறார். அவர் உள்ளங்கை வியர்வையில் அது நனைந்திருந்தது. அதுவரை வராத அழுகை அந்தத் தெருவில் வைத்து வந்தது.

அன்று தொட்டு இன்றுவரை அந்த அறையில்தான் இருக்கிறோம். என் கணவர் இப்போது மருத்துவக் கட்டுத்துணி மடிக்கும் இடத்தில் காவலுக்குப் போகிறார், வாடகையை நாங்களே கொடுக்கிறோம். என் அடுப்பங்கரையிலும் ஒரு கலயம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் டீச்சரோடு சோழபுரம்வரை போகிறேன். கூரைக்கு ஓலை இல்லாத விதவை, வேலை போனவன், புருஷன் விட்டுப்போனவள். சில வீட்டுக்காரர்கள் அரிசியை வாங்கிக்கொள்வார்கள், சிலர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவார்கள். போன கார்த்திகையில் ஒரு குடும்பத்தை எங்களால் நிறுத்த முடியவில்லை. இப்போது அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சத்திரத்து வாசலில் படுக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. நம் மலையில் இப்படி ஒரு கலயத்தை நாம் ஏன் வைக்கவில்லை என்று நினைத்து நினைத்து நெஞ்சு எரிகிறது. அரிசியை நமக்கு அளந்ததும் துரைதான், அதனால் இருக்கலாம்.

நேற்று மழை. வெங்கம்மா என் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு மலையைப் பற்றிப் போனது. கடல் தாண்டி எங்கோ என்பதுபோலக் கையைக் காட்டி, “அக்கட இல்லு?” என்று கேட்டார். அங்கே உனக்கு வீடு இருக்கிறதா என்று கேட்கிறார். பனியில் நனைந்த லயமும், பூட்டில்லாத கதவும், மலையில் நாங்கள் புதைத்துவிட்டு வந்த அப்பாவின் முகமும் ஒரு கணம் கண்முன் வந்து போயின.

“இல்ல” என்றேன்.

வெங்கம்மாவின் மந்தக் காதில் அது எப்படி விழுந்ததோ, முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயும் எனக்கு ஒரு வீடு இருக்கிறதென்று அவருக்கு அத்தனை சந்தோஷம். என் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். நான் அவரைத் திருத்தவில்லை. இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.