கோபுரத்தை விட்ட சாரம்

ரசலையனுக்கு உயரத்தைக் கண்டால் பயம். அவன் செய்வதோ சாரம் கட்டும் வேலை. கருங்கல் என்ற ஊருக்கு மேற்கே, காற்று திரும்பினால் கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் அவன் வீடு. இருபது வயது தாண்டியதும் ஏஜென்ட் ஒருவர் மூலமாகக் கத்தாருக்குப் போனான். எலக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போய் இறங்கிய மறுநாளே ஒரு பெல்ட்டையும் ஸ்பேனரையும் கையில் கொடுத்து, எண்ணெய் ஆலையின் உச்சிக்கு ஏறச் சொன்னார்கள். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில் இருந்தது. ஏறினான்.

இரும்புக் குழாயை எப்படி நிறுத்துவது, கிளாம்பை எவ்வளவு முறுக்குவது, நிறுத்தியதை எந்த வரிசையில் பிரிப்பது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டான். ஒரு நாள் மத்தியானம் புகைபோக்கியைச் சுற்றி நின்ற சாரம் அவன் கண் முன்னால் சரிந்தது. அவன் தரையில் நின்றிருந்தான். மேலே ஒரு நேபாளத்து ஆள். முறைப்படி பெல்ட் போட்டு, முறைப்படி அதன் கொக்கியைக் குழாயில் மாட்டியிருந்தார். அந்தக் கொக்கி கடைசிவரை விடவில்லை. சாரம் சாய்ந்தபோது அது அவரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ரசலையன் ஏறும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்கும். ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அது மாறவில்லை. உயரமான வேலை இருக்கும் நாட்களில் காலையில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அவன் மனைவி பெமிலா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு தம்ளர் கஞ்சித்தண்ணியை ஆற்றிக் கொடுப்பாள்.

"ஏறாண்டாம்னு தோணினா ஏறாதீங்க" என்பாள்.

"தோணாத நாளே கெடையாதுட்டி" என்பான் அவன்.

பயம் இருந்ததால் வேலையில் அவனுக்குச் சில பழக்கங்கள் இருந்தன. ஏறுவதற்கு முன் சாரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு டையையும் கையால் இழுத்துப் பார்ப்பான். டை என்பது சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் குட்டைக் குழாய். அது இல்லையென்றால், எவ்வளவு இரும்பு கொண்டு கட்டினாலும் உயரமான சாரம் காற்றில் நிற்கும் காகிதம்தான். அவனோடு வேலைக்கு வரும் ஷிஜின், பெமிலாவின் தம்பி, இதற்கு நேர்மாறு. முப்பது வயது. ஒற்றைக் குழாயில் நடப்பான். உச்சியில் நின்று கொக்கியைக் கழற்றிவிட்டு போனில் வீடியோ எடுப்பான். "அத்தானுக்கு டைய தொடாட்டா ஒறக்கம் வராது" என்று கேலி செய்வான்.

போன வருடம் கடற்கரையோரத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஆலயக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டினார்கள். பழைய கற்கோபுரம். அதன் மேல் நான்கு பக்கமும் திறந்த மணிக்கூண்டு. அதற்கும் மேலே வானத்தைக் குத்துகிற கூம்பு. அடியில் சதுரமாகத் தொடங்கி உச்சியில் ஊசியாக முடிகிற கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. ரசலையன் ஒரு குறையும் இல்லாமல் கட்டினான். அனில்குமார் என்ற பெயிண்டர் தன் ஆட்களோடு வெள்ளையடித்து முடித்தான். சபையின் அசன விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும்.

பிரிக்க ஆரம்பித்த அன்று காலையிலும் ரசலையன் டைகளை இழுத்துப் பார்த்தான். எல்லாம் உறுதியாக இருந்தன. கடல் பக்கம் கட்டியிருந்த பச்சை வலையை முதலில் அவிழ்த்துவிட நினைத்தான். வலை காற்றைப் பிடிக்கும். ஆனால் கோபுரத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த பந்தலில் பெண்கள் அசனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கை தவறினால் வலை தடுக்குமே என்று சபைக் கமிட்டியில் சொன்னார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கோபுரத்தின் அடியில் யாரும் வராதபடி கயிறு கட்டிவிட்டு, அவனும் ஷிஜினும் கூம்பு வரை ஏறினார்கள். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். வானம் தெளிவாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு மேற்கே கடலின் மேல் கறுத்தது. காற்று ஒரு முறை வந்து வலையை உப்ப வைத்துப் போனது. சாரம் அசைந்தது.

சாரம் அசையத்தான் செய்யும். அசையாத சாரம் எங்கும் கிடையாது. ஆனால் அந்த அசைவு போய் எங்கோ முட்டி நிற்கும்; டை இழுத்துப் பிடிக்கும். இது முட்டவில்லை. போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. ரசலையன் சுவருக்கும் சாரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகக் கீழே பார்த்தான்.

சுவரில், டை இருந்த இடங்களிலெல்லாம் புதிய வெள்ளைச் சதுரங்கள் ஈரத்தோடு பளபளத்தன. மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு டைகூட இல்லை.

"அனிலே!" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது. "டைய கழத்துனியா?"

கீழே ஏணியில் பிரஷ்ஷோடு நின்ற அனில்குமார் நிமிர்ந்து பார்த்தான். "ஆமாண்ணே! இன்னைக்கு பிரிக்கப் போறீங்கல்லா? ஓட்டைய அடச்சு பெயிண்ட் தொட்டு விட்டுட்டேன்!"

அவன் கெட்டவனில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தான். மேலிருந்து பிரித்து வரும்போது, அந்தந்தத் தட்டை இறக்கிய பிறகுதான் அந்தந்த டையைக் கழற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுபடியும் காற்று. இந்த முறை சாரம் பந்தல் இருந்த பக்கமாகப் போனது. ரசலையன் தன் பெல்ட்டின் கொக்கியைப் பார்த்தான். அது சாரத்துக் குழாயில் மாட்டியிருந்தது. கத்தாரில் அந்த நேபாளத்து ஆளின் கொக்கியும் இப்படித்தான் இருந்தது. கால் நடுங்கி, நின்ற பலகை கடகடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் தன் காலிலிருந்து வருகிறது என்பது அவனுக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது.

"பந்தல்ல இருக்கவங்கள மாத்துங்க! ஓடச் சொல்லுங்க! சாரம் விழும்!"

கீழே பாத்திரங்கள் உருண்டன. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் ஓடினார்கள். ரசலையன் கொக்கியைக் கழற்றி, ஏணி வழியாக மணிக்கூண்டு மட்டத்துக்கு இறங்கினான். எப்படி இறங்கினான் என்பது அவனுக்கு இன்றுவரை நினைவில்லை. கூண்டின் திறப்பு வழியாக உள்ளே குதித்ததும் காலுக்கடியில் கல் தட்டியது. அசையாத கல். ஷிஜின் பின்னால் வருகிறான் என்றே நினைத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

ஷிஜின் மேலேயே இருந்தான். மூலைக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தான்.

"ஏலே ஷிஜினே! எறங்குலே!"

ஷிஜின் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

உள்ளே இருந்துகொள்ளலாம் என்று தனக்குத் தோன்றியதை ரசலையன் பிற்பாடு பெமிலாவிடம் மறைக்கவில்லை. கல்லின் மேல் நின்றபோது மறுபடி அந்த இரும்பில் காலை வைக்க உடம்பு மறுத்தது. இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றைக் கை தானாக அவிழ்த்தது. சாரத்தின் நிமிர்ந்த குழாயில் அதைச் சுற்றி, மணிக்கூண்டின் கல் தூணில் இழுத்துக் கட்டினான். முடிச்சு இரண்டு முறை நழுவியது. அதற்குள் கோபுரத்தின் உட்படிக்கட்டு வழியாக மூச்சிரைக்க ஒருவன் ஓடி வந்தான். அனில்குமார். தோளில் ஒரு கட்டுக் கயிறு. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, நான் என்ன செய்யணும்?"

"அந்தப் பக்கத்துத் தூண்ல கெட்டு. ரெண்டு சுத்து. பிடிய விடாத."

இதைச் சொல்லிவிட்டு ரசலையன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு வெளியே கால் வைத்தான்.

முதல் மழைத்துளிகள் சாய்வாக வந்து முகத்தில் அடித்தன. ஒவ்வொரு படிக்கும் நின்று வலையின் கட்டுகளை அறுத்தான். அறுத்த இடத்தில் வலை கிழிந்து படபடத்தது. சாரத்தின் ஆட்டம் கொஞ்சம் குறைந்ததா, குறைந்ததாக நினைத்துக்கொண்டானா, தெரியவில்லை. வாயில் வந்த வசனத்தைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். "கர்த்தர் என் மேய்ப்பர்" என்பதைத் தாண்டி அடுத்த வரி அன்று வரவேயில்லை.

ஷிஜினின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "மக்கா, கண்ணத் தொற."

"முடியல்ல அத்தான். கை வரமாட்டேங்குது."

"எனக்கும் அப்பிடித்தான். தெனமும் அப்பிடித்தான். கீழ பாக்காத, எனக்க சட்டைப் பித்தானப் பாரு. ஒரு கைய மட்டும் எடுத்து எனக்க பெல்ட்டப் பிடி. மத்தக் கை அங்கனயே இருக்கட்டு."

நெடுநேரம் என்று தோன்றிய ஒரு நேரம். பிறகு பெல்ட்டில் ஒரு பிடி இறுகியது. இருவரும் ஒரே ஆள் போல ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு படி, ஒரு காற்று, காத்திருப்பு, அடுத்த படி. மணிக்கூண்டுக்கு நேரே வந்ததும் அனில்குமார் ஷிஜினின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

மழை கொட்டியது. மூன்று பேரும் மணியின் அடியில் சுருண்டு உட்கார்ந்தார்கள். வெளியே சாரம் கோபுரத்தில் வந்து மோதியது, விலகியது, மறுபடி மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் கயிறு முறுகிக் கத்தியது. அடுத்த தடவை திரும்பி வராது என்று ஒவ்வொரு தடவையும் ரசலையன் எதிர்பார்த்தான். ஷிஜின் சத்தமில்லாமல் அழுதான். யாரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள்.

சாரம் விழவில்லை. மழை விட்டுக் கீழே போய்ப் பார்த்தபோது, மூலைக் குழாய் ஒன்று தரையை விட்டு ஒரு சாண் தூக்கி நின்றது. அதைக் கண்டதும் ரசலையன் ஆலயத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

காற்று முழுக்க அடங்கும்வரை அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கமிட்டியில் யாரும் மறுக்கவில்லை. கோபுரத்தில் பாதிச் சாரம் நிற்க, அசனம் ஆலயத்தின் பின்பக்கம் நடந்தது. அதன் பிறகு அடியிலிருந்து மேல்வரை எல்லா டைகளையும் மறுபடி மாட்டி, ஒரு தட்டு இறக்கினால் ஒரு டை என்று மெதுவாகப் பிரித்தான். ஓட்டைகளை அடைக்க அனில்குமார் கடைசியாக வந்தான், மேலே ஆள் இல்லை என்று தானே இரண்டு முறை பார்த்துவிட்டு.

ஷிஜின் அதற்குப் பிறகு ஏறவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு டெம்போ ஓட்டுகிறான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரசலையன் வேறு வேலை தேடினான். கிடைத்தது எதுவும் நிலைக்கவில்லை. கூம்பும் வளைவும் உள்ள கட்டடத்துக்குச் சாரம் என்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் பெமிலா, "நானும் வாறேன்" என்றாள். அவன் வேடிக்கை என்று நினைத்தான். அவள் அண்டியாபீஸ் வேலையை விட்டுவிட்டு, குடையும் தண்ணீர்க் குப்பியுமாகக் கிளம்பி நின்றாள்.

இப்போது அவன் எங்கே ஏறினாலும் சாரத்தின் அடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். டைகளுக்கெல்லாம் அவளே சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கிறாள். பெயிண்டரோ பிளம்பரோ ஸ்பேனரோடு பக்கத்தில் வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். சமீபத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையில், வயர் இழுக்க வந்தவர் ஒரு டையை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றலாமா என்று கேட்டார்.

"எனக்க மாப்பிள்ள எறங்கி வந்து, எனக்க முன்னால நிக்கட்டு. பொறவு கழத்துங்க."

அவர் சிரித்துக்கொண்டே மேலே பார்த்தார். "அவ்வளவு ஒசரத்துல நிக்காரு. நீங்க அண்ணாந்து ஒரு தடவகூடப் பாக்கல்லியேம்மா?"

"பாத்தா நான் பேடிச்சுச் செத்துப்போவேன்" என்றாள் பெமிலா, டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கீழ உள்ளத நான் பாக்கேன். மேல உள்ளத கர்த்தர் பாக்கட்டு."