நடந்து போன பீப்பாய்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் ஆறு பச்சைப் பீப்பாய் வந்த நாளில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முன்பள்ளி டீச்சர் என்றால் தோட்டத்தில் அப்படித்தான், பேனா பிடிக்கிற வேலையெல்லாம் நம் தலையில் விழும். அதற்கு முன்பே பதுளையில் ஒரு நாள் வகுப்பு வைத்து, சமையலறைக் குப்பையைக் கூட்டுப்பசளை ஆக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை, கொஞ்சம் சாணி. பீப்பாயைச் சுற்றி வரிசையாக ஓட்டை போட வேண்டும், அடியிலும் போட வேண்டும், காற்றுப் போகாவிட்டால் உள்ளே அழுகி நாறும். அத்தனையையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, ஆறு வீட்டாரையும் கூட்டி வைத்து ஒப்பித்தேன்.

ஓட்டை என்றதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிக்கிறவர், எங்கள் லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பீப்பாயைத் தட்டிப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் டீச்சர், ஒங்களுக்கு என்ன கிறுக்கா? இம்புட்டு நல்ல பீப்பால யாராச்சும் ஓட்ட போடுவாங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மலை ஊற்றிலிருந்து எங்கள் பீலிக் குழாயில் வரும் தண்ணீர் விடியற்காலையில் கொட்டும், வெயில் ஏறினால் சொட்டும், சாயங்காலம் அதுவும் இல்லை. வேலை முடிந்து வரும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்கி, காலில் அட்டையோடு ஏறி வருவார்கள். ஒரு பீப்பாய் இருந்தால் விடியும்போதே பிடித்து வைத்துவிடலாம். அன்றைக்கே ஐந்து பீப்பாய்கள் ஐந்து சமையலறைகளுக்குள் போய், மறுநாள் விடிவதற்குள் தண்ணீரால் நிரம்பிவிட்டன.

நான் மட்டும் படித்தவள் அல்லவா! கம்பியைக் காய்ச்சி, முப்பத்திரண்டு ஓட்டை போட்டேன். ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். போட்டுவிட்டு அப்புறம் அழக் கூடாது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அழவில்லை. தினமும் சாயங்காலம் குடத்தோடு ஓடைக்குப் போனேன், அவ்வளவுதான்.

இதோடு விட்டிருந்தால் வம்பில்லை. பீப்பாய் கொடுத்த பசளைத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், போனில் அழைத்து, எல்லோரும் பசளை போடுகிறார்களா என்று ஆசையாகக் கேட்டார். ஒருத்தரும் பேச்சைக் கேட்காத டீச்சர் என்று பெயர் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு வீட்டிலும் ஜோராக நடக்கிறது சேர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு, நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். கூடவே ஒரு லொறியும் வருமாம். பசளைக்குப் பாவிக்காத பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் வேறு தோட்டத்துக்குக் கொடுப்பார்களாம்.

என் பொய்யால் ஐந்து வீட்டுப் பெண்களும் மறுபடியும் ஓடைக்கு இறங்க வேண்டி வரும். அக்காவிடம் போய் உண்மையைக் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஓட்ட பீப்பா ஒண்ணுதான இருக்கு? அது நடக்கட்டும்."

திட்டம் இதுதான். பசளைப் பீப்பாய் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். சேர் அதைப் பார்த்து முடித்ததும் நான் அவரை முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணைக்கு அழைத்து வந்து தேத்தண்ணி கொடுப்பேன். அவர் குடித்து முடிப்பதற்குள் அக்காவும் என் வீட்டுக்காரரும் பீப்பாயைத் தூக்கி அடுத்த வீட்டுக்குப் பின்னால் வைப்பார்கள். பின்பக்கம் போக வீட்டுக்குள்தான் வழி என்பதால், சமையலறையில் நிற்கும் தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு மேலே பலகை வைத்து, சேலை போர்த்தி, பிள்ளையார் படம் வைத்தோம். ஐந்து வீட்டிலும் ஐந்து வட்ட மேசை.

தோட்டத்தில் வேலையில்லாத ஒரு சனிக்கிழமை சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, மெல்லப் பேசுகிறவர். லொறி மேலே ரோட்டில் நின்றது. முதல் வீட்டில் பீப்பாய்க்குள் கையை விட்டு, பசளையை எடுத்து மோந்து பார்த்து, நல்லாயிருக்கு என்றார். பிறகு குனிந்தார். பக்கவாட்டு ஓட்டை ஒன்றின் வழியாக ஒரு பூசணிக் கன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு இலையையும் விரலால் தொட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. பாழாய்ப்போன கன்றைக் கிள்ளி எறிய மறந்திருந்தேன்!

இரண்டாவது வீட்டிலும் பூசணிக் கன்று. மூன்றாவது வீட்டில் அதற்கு ஒரு இலைதான் மிச்சம். நான்காவது வீட்டில் சேர் கையிலிருந்த பைலை வட்ட மேசை மேல் வைத்தார், மேசைக்குள் தண்ணீர் களக்கென்றது. அவர் பிள்ளையாரைப் பார்த்தார், பிள்ளையார் என்னைப் பார்த்தார். தேத்தண்ணி இனிக் காணும், போதும் என்று சேர் கும்பிட்டுச் சொன்னார். விடுவேனா, இஞ்சி போட்டது என்று கையில் திணித்தேன். ஐந்தாவது வீட்டு இஸ்தோப்பில் அவர் உட்கார்ந்திருந்தபோது பின்பக்கம் தொம்மென்று சத்தம் கேட்டது. தொடர்ந்து என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு அலறுவதும் கேட்டது. பூனை என்றேன். பெரிய பூனை போல என்றார் சேர்.

ஆறாவது வீட்டுக்குப் பின்னால் போனபோது பீப்பாய் சாய்ந்து நின்றது. கன்றுக்கு இலையே இல்லை, காம்பு மட்டும் தொங்கியது. சற்றுத் தள்ளி வேலியோரம் அக்கா மூச்சு வாங்க நின்றார், கையெல்லாம் சாணி. சேர் கன்றுக்கு முன்னால் குந்தினார்.

"பாவம், காலமையில இருந்து நடந்து களைச்சுப் போச்சு."

வெட்கத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொன்னது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அக்கா முன்னால் வந்து, சேரைச் சமையலறைக்குள் கூட்டிப் போய், பிள்ளையாரைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டுச் சேலையை உருவினார். விளிம்பு வரை தண்ணீர்.

"டீச்சர் சொல்லித்தான் குடுத்தாங்க சேர், நாங்கதான் கேக்கல. ஓட்ட போட்டா பசள வரும், தெரியுது. தண்ணிய எதுல புடிக்கிறது?"

சேர் பீலி எங்கே என்று கேட்டார். கூட்டிப் போய்க் காட்டினோம். குழாய்க்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று. அந்தக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு பைலைத் திறந்தார்.

"நான் கண்டதைத்தான் எழுதுவன். ஆறு வீட்டிலையும் பசளைப் பீப்பாய் கண்டனான்."

லொறி வெறுமனே திரும்பிப் போனது. ஆனால் சேரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு மாதத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களை அழைத்து வரப்போவதாகச் சொன்னார். எங்கள் லயத்தைப் பார்த்து அவர்கள் படிக்க வேண்டுமாம்.

இனி பீப்பாயை நடத்த முடியாது. மறுநாளே ஆறு வீட்டுக்குப் பின்னாலும் குழி வெட்டி, கழற்றிப் போட்டிருந்த பழைய கூரைத் தகரத்தைச் சுற்றி நட்டு, குப்பையைக் கொட்டிக் கிளறத் தொடங்கினோம். அக்காவின் பசளை என்னுடையதைவிடக் கறுப்பாக, மணலாக உதிர்ந்தது. அதைப் பார்க்க வாங்க டீச்சர் என்று தினமும் என்னைக் கூப்பிட்டு மானத்தை வாங்கினார். கூப்பிட்டதும் போவேன். அவர் வீட்டுப் பீப்பாயிலிருந்துதான் எனக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர், போகாமல் முடியுமா?

சொன்னபடி மடுல்சீமைப் பெண்கள் வந்தார்கள். குழிகளைச் சுற்றிப் பார்த்தார்கள், பசளையை அள்ளிப் பார்த்தார்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது இந்த டீச்சர்தான் என்று சேர் முகத்தைத் துளியும் மாற்றாமல் சொன்னார். கூட்டம் கலையும்போது அவர்களில் ஒருத்தி மெதுவாக என் பக்கம் வந்தாள். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் பீப்பாய் கொடுக்கப் போகிறார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

"டீச்சர், கட்டாயம் ஓட்ட போடணுங்களா?"

நான் சேரைப் பார்த்தேன். அவர் அக்காவின் குழிக்கு முன்னால் குந்திக்கொண்டு, அங்கே முளைத்திருந்த ஏதோ ஒரு கன்றை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணுலயும் போட்டுறாதீங்கம்மா" என்றேன். "யாராச்சும் பாக்க வந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க, எங்க பீப்பாவ ஆட்டோல ஏத்தி விடுறேன். அதுக்கு நடந்து பழக்கம்."